மூணாறா, தேக்கடியா? போடியிலிருந்து இரண்டு பேர் கிளம்பும்போது

போடிநாயக்கனூர்க்காரர்களிடம் வெளியூர் நண்பர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: மூணாறு போவதா, தேக்கடி போவதா? எங்களுக்கு இரண்டும் பக்கம். முந்தல் தாண்டிப் போடிமெட்டு ஏறினால் ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் மூணாறு. தேவாரம், கம்பம், கூடலூர் வழியாகப் போய்க் குமுளி மலை ஏறினால் 60 கிலோமீட்டர் சொச்சத்தில் தேக்கடி. இரண்டுமே கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருக்கின்றன. இரண்டு ஊரிலும் தமிழிலேயே பேசி எல்லாக் காரியத்தையும் முடித்துக்கொள்ளலாம். தூரமும் பாஷையும் ஒன்றுபோல இருப்பதால்தான் எதை விடுவது என்று தெரியாமல் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

இந்த முறை கேட்பவள் என் கல்லூரித் தோழி. பிப்ரவரிக் கடைசி வாரம் சென்னையிலிருந்து வருகிறாள். "சுத்திப் பார்க்கணும்டி, ஆனா ஓடிக்கிட்டே இருக்க வேண்டாம். உன்கூட உட்கார்ந்து பேசணும்" என்பதுதான் அவள் போட்ட ஒரே நிபந்தனை. அவளுக்காக யோசித்ததை, அதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். குடும்பமாக வேன் பிடித்துப் போகிறவர்களின் கணக்கு வேறு. இது இரண்டு பேர் கணக்கு.

முதலில் நாள். 2010 கடைசியில் நின்றுபோன எங்கள் ஊர் ரயில், பாதையை அகலப்படுத்திய பிறகு 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் இரவு கிளம்பி மறுநாள் காலை போடி வந்து சேர்கிறது. வெள்ளி இரவு ஏறினால் சனி காலை வந்து ஞாயிறு இரவே திரும்ப வேண்டும். மலையில் ஒரே ஒரு ராத்திரிதான் கிடைக்கும். புதன் இரவு ஏறினால் வியாழன் காலையிலிருந்து ஞாயிறு இரவு வரை நம் கையில். இரண்டு நாள் லீவு கூடுதலாகப் போட முடிந்தவர்கள் இதைத்தான் பிடிக்க வேண்டும். வியாழனும் வெள்ளியும் மலையில் கூட்டம் இருக்காது என்பது தனி லாபம்.

இனி மூணாறு. அந்தச் சாலையைப் பற்றி நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். முந்தல் சோதனைச்சாவடி தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே புளியமரமும் மாந்தோப்புமாக வெயில் காயும். ஒவ்வொரு வளைவுக்கும் காற்று மாறிக்கொண்டே வந்து, போடிமெட்டில் நிற்கும்போது சால்வையைத் தேடுவீர்கள். அங்கிருந்து பூப்பாறை வரை ஏலத்தோட்டம். பெரிய மரங்களின் நிழலுக்குக் கீழே ஆளுயரத்துக்கு ஏலச்செடி. காய் மட்டும் தரையோடு படர்ந்த சரத்தில் இருக்கும், குனிந்துதான் பறிக்க வேண்டும். பூப்பாறை தாண்டியதும் தேயிலை. ஆனையிறங்கல் அணை, பெரியகானல், கேப் ரோடு, தேவிகுளம், அப்புறம் மூணாறு. மூணாறு ஊரைவிட மூணாறு போகிற வழிதான் அழகு என்று எங்கள் பக்கம் பலர் சொல்வார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

எங்கள் ஊருக்கும் மூணாற்றுக்கும் உறவு பழையது. அந்தக் காலத்தில் மூணாற்றுத் தேயிலை போடி வழியாகத்தான் கீழே இறங்கியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி 1908இல் குறுகிய ரயில்பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் பெட்டிகளைக் கொட்டகுடிக்கு இறக்கி, அங்கிருந்து போடிக்குக் கொண்டுவந்தார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. பிறகு அதைத் திரும்பப் போடவே இல்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்த முனையில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் தெரிவது எங்கள் தேனி மாவட்டம்.

அந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். 2015இல் போனஸுக்காகவும் கூலிக்காகவும் பெரிய சங்கங்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்த பொம்பிளை ஒருமைப் பெண்கள் அவர்கள்தான். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மீது மலை சரிந்து 70 பேர் போனார்களே, அவர்களும் அந்த ஜனங்கள்தான். போகிறவர்கள் தேயிலைப் பச்சையோடு இதையும் நினைவில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை. படம் எடுக்கக் கொழுந்துக் கூடையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படும்.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் தயக்கம்? மூணாற்றில் பார்க்க வேண்டியவை எல்லாம் ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் ஒரு பக்கம். ராஜமலையும் மறையூரும் இன்னொரு பக்கம். சின்னக்கானல், கொழுக்குமலை நாம் வந்த பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஊருக்குள் திரும்பி வந்து, பாலத்துக்குப் பக்கத்து நெரிசலில் நின்று, அடுத்த சாலையைப் பிடிக்க வேண்டும். சனி, ஞாயிறென்றால் அந்த நெரிசலிலேயே பாதிப் பொழுது போய்விடும். இரண்டு பேரில் ஒருவர் ஓட்டுகிறார் என்றால் அவர் கண் முழுக்கச் சாலையில்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர் "அங்க பாரேன்" என்று சொல்லும்போதெல்லாம் எதிரே ஒரு லாரி வரும். டிரைவரோடு வண்டி பிடித்தால் முன்னால் ஒரு மூன்றாம் ஆள் இருப்பார். மனசு விட்டுப் பேச முடியாது.

தங்கும் இடத்திலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மூணாறு என்று போட்டிருக்கும் விடுதிகளில் பல பள்ளிவாசல், சித்திராபுரம், ஆனச்சால் பக்கம் இருப்பவை. காட்சி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரி ஒரு தோசை சாப்பிட ஊருக்குள் வர வேண்டும் என்றாலும் வளைவு வளைவாக ஏறி இறங்க வேண்டும். பதிவு செய்யும் முன் வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துவிடுங்கள்.

பிப்ரவரிக்கு வருவோம். மூணாறு போகிறவர்கள் முக்கியமாகப் பார்க்க நினைப்பது இரவிகுளம் தேசியப் பூங்காவின் வரையாடு. ராஜமலையில் அது மனிதர்களுக்குப் பயப்படாமல் பாதை ஓரத்துப் பாறையிலேயே நின்று மேயும்; தமிழ்நாட்டின் மாநில விலங்கை அவ்வளவு பக்கத்தில் பார்க்க வேறு நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை வழக்கமாக மூடிவிடுவார்கள். அதாவது என் தோழி வரும் வாரத்தில் மூணாற்றின் தலையாய காரணமே இல்லை. ஏப்ரலில் திறந்த பிறகு போனால் தாயோடு ஒட்டிக்கொண்டு ஓடும் குட்டிகளையும் பார்க்கலாம். ஜனவரியில் வந்திருந்தாலும் கதை வேறு: செண்டுவாரை, செவன்மலை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் விடியற்காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பிப்ரவரிக் கடைசியில் அந்தக் குளிரும் போய்விடும்.

கொழுக்குமலைச் சூரிய உதயத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. தோட்டம் இருப்பது தமிழ்நாட்டு எல்லைக்குள், ஆனால் ஜீப் போகிற வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. விடியும் முன் கிளம்பி, கல்லும் பள்ளமுமான தடத்தில் குலுங்கிக்கொண்டே ஏற வேண்டும். மேலே போனால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். உண்மையிலேயே மறக்க முடியாத காட்சி. ஆனால் வாடகை ஜீப்புக்கு, ஆளுக்கு இல்லை. ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்வதை இரண்டு பேர் கொடுக்க வேண்டியிருக்கும். முதுகுவலி உள்ளவர்கள் நினைக்கவே வேண்டாம். அங்கிருந்து குரங்கணிக்கு நடந்தே இறங்கலாமே என்று யாராவது சொன்னால், இந்த மாதங்களில் கேட்காதீர்கள். 2018 மார்ச் 11ஆம் தேதி அந்தச் சரிவில்தான் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாதிப் பேருக்கும் மேல் இளம் வயது. போதைப்புல் என்கிற மலைப்புல் காய்ந்தால் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதைக் கீழே இருந்து பார்த்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

இப்போது தேக்கடி. குமுளிக்குப் போவதே சுலபம். தேனி, கம்பத்திலிருந்து பஸ் அடிக்கடி உண்டு. மூணாற்றுக்கு அந்த வசதி இல்லை. நம் பஸ் எல்லைக்கு இந்தப் பக்கம் இறக்கிவிடும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சோதனைச்சாவடியை நடந்தே தாண்டினால் கேரளம். தேக்கடிச் சாலையில் வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து காட்டின் நுழைவாயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நடந்தே போய்விடலாம். இரண்டு பெண்கள் மட்டும் போகும்போது இது எவ்வளவு நிம்மதி என்பதைப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு கட்டஞ்சாயா குடிக்க வெளியே வரலாம், கதகளியோ களரியோ ஒரு மணி நேரம் பார்க்கலாம், திரும்பி நடந்தே அறைக்குப் போகலாம். வண்டிச் சாவியை யாரும் தொட வேண்டியதில்லை.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது படகு ஓடும் ஏரி. எங்களுக்கு அது வயலுக்கு வரும் தண்ணீர். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையால்தான் அந்த ஏரியே உண்டானது. தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்குப் பாய்கிறது. திரும்பும்போது குமுளி மலைச்சரிவில் கிடக்கும் ராட்சதக் குழாய்களைத் தோழிக்குக் காட்டுவேன். கீழே கூடலூரில் பச்சையாகத் தெரியும் வயலும் மேலே ஏரியில் தேங்கி நிற்கும் தண்ணீரும் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டு அந்த ஏரிக்கரையில் நின்றால், பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபமும் வழியிலேயே இருக்கிறது.

அணை கட்டியபோது முழுகிப்போன காட்டு மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் தண்ணீருக்கு மேல் கறுப்பாக நிற்கின்றன. நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகியும் உளுத்து விழவில்லை. பிப்ரவரியில் நீர்மட்டம் இறங்க இறங்க அவை இன்னும் நீளமாக வெளியே தெரியும். ஒவ்வொரு கட்டையின் நுனியிலும் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாம்புத்தாராப் பறவை கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு போய், கண் முன்னாலேயே முங்கிவிடும். எங்கே எழும்பும் என்று இரண்டு பேரும் பந்தயம் கட்டலாம். யானையும் காட்டுமாடும் மிளாவும் கரைக்குத் தண்ணீர் குடிக்க வருவதும் இந்தக் கோடை தொடங்கும் மாதங்களில்தான் அதிகம். காட்டுக்குள் வேறு ஓடைகள் வற்றிவிடுவதே காரணம். பெரியாறு புலிகள் காப்பகம் என்ற பெயரை நம்பிப் புலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள்; அது அனேகமாக நடக்காது.

படகைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறார். பெரிய படகில் ஒன்றரை மணி நேரம் போகலாம், செலவும் குறைவு. ஆனால் யானையைக் கண்டதும் எழும் கூச்சலில் யானை திரும்பிப் போய்விடும். அதில்தான் போவதென்றால் காலை முதல் படகு நல்லது. உயிர்காப்பு உடுப்பைக் கடைசி வரை கழற்றக் கூடாது, இருக்கையைவிட்டு எழக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை மறக்க முடியாது.

நான் சொல்வது மூங்கில் தெப்பம். வனத்துறை நடத்துகிறது, முன்பதிவு வேண்டும், ஆள் எண்ணிக்கை குறைவு. காலையில் காட்டுக்குள் நடந்து, பிறகு மூங்கிலால் கட்டிய தெப்பத்தில் ஏறித் துடுப்புப் போட்டுக்கொண்டு ஏரியின் உள்மடிப்புகளுக்குப் போய், சாயங்காலம் திரும்புவது. மோட்டார் கிடையாது. துப்பாக்கியோடு வனக்காவலர் ஒருவர் கூட வருவார். வழிகாட்டிகளில் மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்தவர்கள் இருப்பார்கள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள். முன்பு இந்தக் காட்டில் வயனா என்ற காட்டு லவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களை, 1990களில் வனத்துறை கூப்பிட்டுப் பேசி, காவலுக்கும் வழிகாட்டும் வேலைக்கும் மாற்றியது பெரியாற்றில்தான். காட்டின் ஒவ்வொரு மடக்கும் அவர்களுக்கு அத்துப்படி. தரையில் ஒரு சாணக் குவியலைக் கிளறிப் பார்த்து, யானை போய் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று சொல்லும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம். நாள் முழுக்க நடக்க முடியாதவர்களுக்கு மூன்று மணி நேர நடையும் உண்டு. எல்லாவற்றுக்கும் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்பதால் இரண்டு பேருக்கு நியாயமாக வரும்.

தோழி கேட்டது பேச நேரம். மூணாறு வண்டியில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம். தேக்கடி இறங்கி நடக்க வேண்டிய இடம். பக்கத்தில் பக்கத்தில் நடந்து, ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரம், பிறகு நிறுத்தாமல் இரண்டு மணி நேரம் என்று போவதற்குத் தேக்கடிதான் தோது. என் முடிவு இதில்தான் உறுதிப்பட்டது.

"ரெண்டையும் பார்த்துடலாமே?" என்று அவள் கேட்டாள். எல்லோரும் கேட்பதுதான். மூணாற்றிலிருந்து குமுளி நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும், முழுக்க மலைப்பாதை, நான்கு மணி நேரம் தாராளமாக ஆகும். இரண்டு ஊருக்கும் ஒவ்வொரு ராத்திரி என்று பிரித்தால் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாகவே போகும். வேண்டாம்.

அதற்குப் பதிலாக ஒரு வழி இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரிவதில்லை. தேக்கடிக்குக் கம்பம் வழியாகப் போகாமல், போடிமெட்டு ஏறிப் பூப்பாறையில் இடதுபுறம் திரும்பிவிடுங்கள். சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம் என்று மலை முதுகிலேயே சாலை போகும். 17 வளைவுகளும் கிடைத்துவிடும், ஏலக்காடும் கிடைத்துவிடும். நெடுங்கண்டம் தாண்டி ராமக்கல்மேடு. அங்கே அடிக்கும் காற்றில் நிற்பதே பாடு. காற்றாலைகளும், குறவன் குறத்தி சிலையும், அதற்கு அப்பால் செங்குத்தாகக் கீழே நம் பக்கத்துச் சமவெளியும். ஏறிவந்த ஊர்களை மேலே இருந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடையாளம் காட்டலாம். பிறகு புற்றடி வழியாகக் குமுளி. காலையில் போடியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது மட்டும் லோயர் கேம்ப், கம்பம் வழி. தேயிலைமலை மட்டும் இந்தச் சுற்றில் குறையும். அது கட்டாயம் வேண்டுமென்றால் பூப்பாறையிலிருந்து ஆனையிறங்கல் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், அதிக தூரமில்லை.

எந்த வழியானாலும் பொழுது சாய்ந்த பிறகு அந்த மலைச்சாலைகளில் ஓட்ட வேண்டாம், சின்னக்கானல் பக்கம் கண்டிப்பாகவே வேண்டாம். அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் கடைசியில் அங்கே பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அது கம்பம் டவுனுக்குள் வந்து நின்றது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அது நடந்த வழித்தடம் எல்லாம் அதன் பூர்வீகம். நடுவில் வந்து தோட்டமும் விடுதியும் போட்டது மனிதர்கள்தான். ராத்திரியாவது சாலையை அவற்றுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

மாதம் மாறினால் என் பதிலும் மாறும். ஏப்ரல், மே என்றால் வரையாட்டுக்காக மூணாறு. மழை விட்ட செப்டம்பர் கடைசியிலும் மூணாறுதான். மலை கழுவிவிட்டதுபோல் இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கேப் ரோட்டில் மண் சரிவு அடிக்கடி நடப்பதால், அந்த மாதங்களில் குமுளி வழியே பத்திரம். அட்டைக்கு மட்டும் தயாராகப் போக வேண்டும். நடக்க முடியாத பெரியவர் கூட வந்தால் மூணாறு, ஏனென்றால் வண்டியைவிட்டு இறங்காமலே பாதியைப் பார்த்துவிடலாம். 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்கும். அந்த வருஷம் வேறு யோசனையே கிடையாது. சித்ரா பௌர்ணமியில் மங்கலதேவி மலையில் கண்ணகி கோயிலை வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் திறப்பார்கள். அதற்காக வருகிறவர்கள் தேக்கடி வரலாம். ஓய்வாக இருக்க நினைக்கிறவர்கள் அந்த வாரம் குமுளிப் பக்கமே போகக் கூடாது, அவ்வளவு கூட்டம்.

ஏலக்காய் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை, அதனால் போடிக்காரியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். பச்சை நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சாயம் ஏற்றியதும் உண்டு. ஈரத்துணியில் ஒரு காயைத் தேய்த்தால் நிறம் ஒட்டக் கூடாது. இன்னொரு காயைப் பிளந்து பாருங்கள்: விதை கறுத்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் விளைந்த காய். வெளுத்து இருந்தால் பிஞ்சு. குமுளியில் கடைகள் அதிகம், அலங்காரமும் அதிகம். எனக்குத் தெரிந்தவர்களிடம் ரயில் ஏறும் முன் போடியிலேயே வாங்கித் தருவேன்.

ஆக, வியாழன் ராமக்கல்மேட்டு வழியாகக் குமுளி, வெள்ளி முழுநாள் தெப்பம், சனிக்கிழமை ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. தெப்பத்துக்கு இரண்டு இடம் இப்போதே போட்டுவிட்டேன். கோடை வெயில் அதிகமாகித் தீ பயத்தால் காட்டு நடையை நிறுத்தினால் பெரியாற்றிலும் நிறுத்துவார்கள். அதனால் கிளம்பும் முந்தின நாள் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவள் கொண்டுவர வேண்டியது பழைய ஷூ, மங்கலான நிறத்தில் இரண்டு சுடிதார், ஒரு ஸ்வெட்டர். தடிமனான கோட்டெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.